பாட்டுக்கும் பூட்டு உண்டு!

பத்தமடை என்றால் பாய். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைக் கிழித்து, ஊறப்போட்டு, நூல் போல மெல்லிதாக்கி நெய்கிறார்கள். மடித்தால் பட்டுத் துணி போல மடியும். மணமக்கள் பெயர் பொறித்த கல்யாணப் பாய் இந்த ஊரிலிருந்து எங்கெங்கோ போகிறது.

நல்ல சரக்கு தானாக விலை போகும் என்பார்கள். பாய்க்கு அது சரியாக இருக்கலாம். பாட்டுக்குச் சரியில்லை!

இன்று "இந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம்?" என்று கோர்ட்டுகளில் வழக்கு நடக்கிறது. எழுதியவருக்கா, இசை அமைத்தவருக்கா, இசைத்தட்டுக் கம்பெனிக்கா? ஏதோ பெரிய மனிதர்களின் பணச் சண்டை என்று நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் இதே சண்டை ஒரு காலத்தில் நம் நெல்லைச் சீமைக் குடும்பம் ஒன்றின் வீட்டு வாசலுக்கே வந்தது. அந்தக் கதை தெரிந்தால் இன்றைய வழக்கும் புரியும்.

மண்ணெண்ணெய் போல...

பத்தமடையை அடுத்துச் சேரன்மாதேவி. அங்கே செங்கோட்டை ரெயிலில் ஏறினால் அம்பாசமுத்திரத்துக்கு அப்பால் கடையம் வரும். பாரதியாரின் மனைவி செல்லம்மாளின் ஊர். 1918-ம் ஆண்டு டிசம்பரில் கடலூர் சிறையிலிருந்து விடுதலையான பாரதியார், அங்கே வந்து சுமார் இரண்டு ஆண்டுகள் இருந்தார்.

"பாரதி பாட்டா? அதை அறியாத பிள்ளை உண்டா?" என்று கேட்பீர்கள். இன்று இல்லை. அன்று?

1907-ம் ஆண்டில் கிருஷ்ணசாமி அய்யர் என்ற சென்னை வக்கீல், பாரதியின் சில பாட்டுகளை 15 ஆயிரம் பிரதிகள் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். அவர் மிதவாதி, பாரதியோ தீவிரவாதி. கட்சி வேறு என்றாலும் பாட்டு பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு பாரதியார் புதுச்சேரிக்குப் போய்விட்டார். பாட்டுகள் பெட்டியில் பெருகின. அச்சுக்கு வந்தவை கொஞ்சம்தான்.

கடையத்தில் இருந்தபோது அவர் ஒரு திட்டம் போட்டார். தம் எழுத்தை எல்லாம் 40 புத்தகங்கள் ஆக்குவது. ஒவ்வொன்றிலும் 10 ஆயிரம் பிரதி. மொத்தம் 4 லட்சம்! விலை மலிவு. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் சகஜமாக விற்கும் என்று நம்பினார். கடன் கேட்டு நண்பர்களுக்குக் கடிதம் போட்டார். பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் கண் மூடினார்.

பைத்தியக்காரத்தனமான கணக்கு என்று அப்போது சிலர் நினைத்திருப்பார்கள். இன்று எண்ணிப் பார்த்தால், அவர் குறைத்தே மதிப்புப் போட்டிருக்கிறார்!

தடையும் விலையும்

அவர் போன பிறகும் பாட்டுக்கு விடிவு இல்லை. 1928-ம் ஆண்டில் பர்மா சர்க்கார் அவருடைய பாட்டுப் புத்தகத்துக்குத் தடை போட்டது. சென்னை சர்க்காரும் பின்தொடர்ந்து புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து கடுமையாக வாதாடினார்.

போலீஸ் போட்ட பூட்டையாவது நாலு பேர் பார்த்தார்கள். அடுத்து விழுந்த பூட்டு சத்தமில்லாமல் விழுந்தது. இசைத்தட்டு விற்பனை வளர்ந்த காலம் அது. பாரதி பாட்டுகளை ஒலிப்பதிவு செய்யும் உரிமையை 1934-ம் ஆண்டில் ஒரு வியாபாரி சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிட்டார். 1946-ல் அது பட அதிபர் ஏவி. மெய்யப்ப செட்டியார் கைக்கு வந்தது.

செட்டியாரைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. 1947-ம் ஆண்டு வெளியான அவருடைய "நாம் இருவர்" படத்தில் டி.கே. பட்டம்மாள் பின்னணி பாடினார். குமாரி கமலா ஆடினார். பாரதி பாட்டு பட்டிதொட்டி எங்கும் பரவியது. கவிஞர் இறந்து அப்போது 25 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது! அத்தனை காலமும் பாட்டு அதே பாட்டுதான். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அதைத் தூக்கிச் செல்ல ஒரு படமும் ஒரு குரலும் வரவேண்டி இருந்தது.

ஆனால் மற்றவர் பாடினால்? டி.கே. சண்முகத்தின் "பில்ஹணன்" படத்தில் பாரதி பாட்டு இடம்பெற்றபோது வழக்கு வந்தது. நாட்டு மக்கள் பாட்டுக்குத் தனி மனிதர் சொந்தக்காரரா என்று கிளர்ச்சி எழுந்தது. எழுத்தாளர் நாரண துரைக்கண்ணன் முதலியோர் நெல்லைக்கு வந்து, செல்லம்மாளைச் சந்தித்துச் சம்மதம் பெற்றார்கள். 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சர்க்கார் பாரதி எழுத்தைப் பொதுச்சொத்து ஆக்க முடிவு செய்தது. மெய்யப்ப செட்டியாரும் காசு வாங்காமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். செல்லம்மாளுக்கும் இரு பெண்களுக்கும் தலா 5 ஆயிரம் ரூபாய் தரப்பட்டது.

படம் ஓடிய ஓட்டத்தையும் இந்த 5 ஆயிரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்றைய சட்டம்

இந்தியாவில் இப்போது, எழுதியவர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் வரை பாட்டின் உரிமை நீடிக்கும். 2012-ம் ஆண்டில் ஒரு திருத்தம் வந்தது. சினிமாப் பாட்டை எழுதியவரும் இசை அமைத்தவரும் உரிமையை விற்றாலும், தியேட்டரில் படத்தோடு ஓடுவது போக, வானொலி, இசைத்தட்டு, செல்போன் போன்றவற்றில் வரும் வருமானப் பங்கை இழக்கமாட்டார்கள். 1934-ல் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால், ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் பாரதி குடும்பத்துக்குப் பங்கு வந்திருக்கும். இன்றைய வழக்குகளை "பணச் சண்டை" என்று ஒதுக்க எனக்கு மனம் வராததற்கு இதுதான் காரணம்.

இன்னும் தூங்கும் பாட்டுகள்

சரி, பாரதி பாட்டுக்கு இப்போது பூட்டு இல்லை. எல்லாப் பாட்டும் எழுந்துவிட்டதா? இல்லை. சினிமாவும் கச்சேரியும் தொட்ட பாட்டுகளே திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன.

1982-ம் ஆண்டு, பாரதி நூற்றாண்டில், பாளை சண்முகம் என்ற நம் ஊர்ப் பக்கத்துக்காரர் "ஏழாவது மனிதன்" என்ற படம் எடுத்தார். ரகுவரன் நடித்த முதல் படம். பாட்டுகள் பாரதியுடையவை, இசை எல். வைத்தியநாதன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. சண்டையும் சவாலும் நிறைந்த படங்கள் ஓடிய காலத்தில் இது அமைதியாக வந்து, அமைதியாகப் போனது. இரண்டு மூன்று பாட்டுகள் நிலைத்தன. மற்றவற்றையும் கேட்டுப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்கலாம்.

படம் தொட்டதற்கே இந்தக் கதி என்றால் தொடாததற்கு? பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய நம் பெண்களுக்காகப் பாரதி உருகிப் பாடிய பாட்டு இருக்கிறது. பிழைக்கக் கடல் தாண்டிப் போன கதை இல்லாத தெரு இந்தச் சீமையில் ஏது? அந்தப் பாட்டை ஒலிபெருக்கியில் கேட்பது அபூர்வம். குடுகுடுப்பைக்காரன் மெட்டில் நல்ல காலம் சொல்லும் "புதிய கோணங்கி" இருக்கிறது. பெண்கள் விடுதலைக் கும்மியும் இருக்கிறது.

பல பாட்டுகளுக்குத் தலைப்பிலேயே ராகம், தாளம் குறித்து வைத்திருக்கிறார் பாரதியார். கும்மிக்கு அதுவும் வேண்டாம். பத்துப் பெண்கள் வட்டமாக நின்று கை தட்டினால் போதும். யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை.