சி.சி.டி.வி. இருக்கிறது, பதிவு எங்கே?

2021 ஜனவரி 22. ஓசூர் பாகலூர் சாலையில் உள்ள முத்தூட் ஃபைனான்ஸ் கிளைக்குள் பட்டப்பகலில் துப்பாக்கியோடு ஒரு கும்பல் புகுந்தது. சுமார் 25 கிலோ தங்க நகைகளை அள்ளிக்கொண்டு மாநில எல்லையைத் தாண்டிப் பறந்தது. மறுநாளே ஹைதராபாத் அருகே மாட்டிக்கொண்டது. காட்டிக்கொடுத்தது நகைகளோடு போயிருந்த ஜி.பி.எஸ். கருவி!

நகைக்கடன் நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகும். சிப்காட் பட்டறையில் காணாமல் போகும் செம்புக் கம்பிச் சுருளுக்குள்ளும் கார்பைடு இன்சர்ட் டப்பாவுக்குள்ளும் யார் ஜி.பி.எஸ். வைப்பார்கள்? ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. வேறு மாநிலம், வேறு போலீஸ், வேறு நம்பர் பிளேட். பொருள் எல்லை தாண்டிய பிறகு மிஞ்சுவது கேமரா பதிவு ஒன்றுதான். அதனால்தான் ஓசூர் முதல் சூளகிரி, பர்கூர் வரை எந்தக் கம்பெனி வாசலில் நின்றாலும் தலைக்கு மேல் ஒரு கேமரா முறைத்துப் பார்க்கிறது. "இந்த இடம் கண்காணிப்பில் உள்ளது" என்று போர்டு வேறு.

சரி, பதிவு எங்கே? போலீஸ் வந்து கேட்கும் அன்றுதான் முதலாளி முதன்முறையாக அந்தக் கணினிப் பெட்டிக்கு முன்னால் உட்காருகிறார். கடைசிப் பதிவு மூன்று வாரத்துக்கு முந்தையது. ஹார்டு டிஸ்க் என்றோ செத்துப்போயிருக்கிறது. திரையில் நேரலை மட்டும் அழகாக ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. பிறகு என்ன நடக்கும்? நைட் ஷிப்டில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளி கூப்பிடப்படுவான். பீகாரோ, ஒடிசாவோ, பக்கத்து தர்மபுரியோ... அவன் செய்யவில்லை என்று காட்ட அவனிடம் ஒரு சாட்சியும் இல்லை. இருந்த ஒரே சாட்சியைத்தான் மூவாயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகக் கொன்றுவிட்டார்களே!

"மெஷின் என்றால் ரிப்பேர் ஆகத்தான் செய்யும், யாரைக் குறை சொல்வது?" என்பார்கள். இந்தப் பேச்சைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது. பதிவு இல்லாமல் போவதால் எல்லோருக்கும் ஒரே மாதிரி நஷ்டம் வருவதில்லை. மேலே இருப்பவன் சொன்னதே உண்மையாகிவிடுகிறது, கீழே இருப்பவன் மாட்டிக்கொள்கிறான்.

சாத்தான்குளத்தை மறக்க முடியுமா? 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். ஜூன் 22-ல் மகனும் 23-ல் தந்தையும் இறந்தார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் தன் அறிக்கையில் எழுதியது இது: ஹார்டு டிஸ்க் 1 டெராபைட், போதுமான இடமும் இருந்தது, ஆனால் பதிவுகள் தினமும் தானாக அழிந்துபோகும்படி அமைப்பு செய்யப்பட்டிருந்தது. ஆக, கேமரா இருந்தது, டிஸ்க் இருந்தது, பதிவு மட்டும் இல்லை. கடைசியில் அங்கேயே வேலை பார்த்த ஒரு பெண் காவலர் பயந்து பயந்து வாய் திறந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. மனிதர்கள் உயிரைப் பணயம் வைத்துச் சொல்லத் தேவையில்லாத விஷயத்தைச் சொல்லத்தான் அந்தப் பெட்டி அங்கே வைக்கப்பட்டது.

அதே ஆண்டு டிசம்பர் 2-ம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க உத்தரவிட்டது. பதிவை 18 மாதம் வைத்திருக்கும் கருவி வேண்டும், அப்படிப்பட்டது சந்தையில் கிடைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றது. நீதிமன்றம் கேமராவோடு நிறுத்தாமல் சேமிப்பைப் பற்றிப் பேசியது கவனிக்க வேண்டிய விஷயம். ஓசூரில் சி.சி.டி.வி. கொட்டேஷன் போடுபவர்களில் எத்தனை பேர் அதைப் பேசுகிறார்கள்? "எட்டு கேமரா, 1 டி.பி., ஒரு மாசம் வரும் சார்" என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

ஒரு மாதம் வருமா? பள்ளிக்கூடக் கணக்குதான், போட்டுப் பாருங்கள். 1080பி கேமரா ஒன்று எச்.264-ல் நொடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு அரை மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 நொடி, ஆக 43.2 ஜிகாபைட். எட்டு கேமராவுக்கு நாளொன்றுக்கு 345.6 ஜிகாபைட். 1 டி.பி. டிஸ்க் மூன்று நாள்கூட முழுதாகத் தாங்காது! ஒரு மாதம் வேண்டுமானால் பத்து டெராபைட்டுக்கு மேல் வேண்டும். எச்.265-க்கு மாறிப் பாதியாகக் குறைத்தாலும் ஐந்துக்கு மேல். "அசைவு இருந்தால் மட்டும் பதிவாகும்படி வைத்துவிடலாம் சார்" என்று சமாளிப்பார்கள். பட்டறையில் கன்வேயர் நாள் முழுக்க அசைகிறது. ராத்திரியில் கேமரா முன்னால் சிலந்தி வலை அசைகிறது. பதிவாக வேண்டிய ஆள் நிழலில் மெதுவாக நடந்தால் மட்டும் பதிவாகாது.

கொள்ளளவு போதாது என்பது பாதிக் கதைதான். என்ன டிஸ்க் என்பது மீதி. வீட்டுக் கணினிக்கான டிஸ்க்கை நாள் முழுக்க எழுதுவதற்காகச் செய்யவில்லை. சீகேட் தன் பாரகுடா டிஸ்க்குக்குச் சொல்லும் கணக்கு ஆண்டுக்கு 2,400 மணி நேரம், 55 டெராபைட் வேலை. கண்காணிப்புக்கென்றே வரும் ஸ்கைஹாக்குக்கு 8,760 மணி நேரம், அதாவது ஆண்டு முழுக்க, 180 டெராபைட். வெஸ்டர்ன் டிஜிட்டலின் பர்ப்பிளும் 180 ரகம்தான். மேலே சொன்ன எட்டு கேமரா ஆண்டுக்கு எழுதுவது சுமார் 126 டெராபைட். பாரகுடாவுக்கு இரண்டு மடங்குக்கும் மேலான சுமை. டிவிஎஸ் மொபெட்டில் கிரானைட் கல் ஏற்றிவிட்டு "வண்டி சரியில்லை" என்று சொல்வது போலத்தான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு இடத்தைப் படிக்கவோ எழுதவோ முடியாவிட்டால் பல நொடிகள் விடாமல் முயன்று கொண்டேயிருக்கும். உங்கள் கடிதம் தொலையக்கூடாது என்பதற்காக. கண்காணிப்பு டிஸ்க் ஒரு பிட் போனால் போகிறது என்று அடுத்த காட்சியை எழுதப் போய்விடும். எட்டு கேமராவும் வரிசையில் நிற்கும்போது எது வேண்டும்? பழைய தடத்தின் மீது புதிய தடம் பாதி ஏறும் எஸ்.எம்.ஆர். வகை டிஸ்க்குகள், அழித்து அழித்து எழுதும் வேலையில் திணறும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சிலவற்றில் அந்த வகையைச் சொல்லாமல் விற்று மாட்டிக்கொண்டது. ஆகவே பெட்டியின் நிறத்தைப் பார்த்து வாங்காமல் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்து வாங்குங்கள்.

பெங்களூர் எஸ்.பி. ரோடு ஒரு மணி நேரப் பயணம் என்பது ஓசூர்க்காரர்களுக்கு வசதி. அதுவே ஆபத்தும்கூட. பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும், கூடவே வாரண்டியும் காணாமல் போகும். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் அடிபட்ட செய்தி நினைவிருக்கிறதா? டேட்டா சென்டரில் பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் ஓட்டக் கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதிது என்று விற்றிருந்தார்கள். ஜெர்மனியிலேயே அப்படி என்றால்...

அடுத்தது மின்சாரம். பெட்டியில் எங்கே காசு போகிறது என்று பாருங்கள். ஐ7 பிராசஸர், வண்ண விளக்கு எரியும் கேபினட், கண்ணாடிக் கதவு. ஐ.பி. கேமரா தானே படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. அதை வாங்கி டிஸ்க்கில் எழுத மட்டும் என்றால் பத்து வருடப் பழைய ஐ3 போதும். எட்டு ஜன்னலாகத் திரையில் விரித்துப் பார்க்கவும் அசைவைக் கண்டுபிடிக்கவும்தான் பிராசஸருக்கு வேலை. அதற்கும் கேமராவின் சிறிய இரண்டாம் ஓடையைப் பயன்படுத்தலாம். இப்படிப் பளபளப்புக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, உயிர்நாடியான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கேபினட்டோடு இலவசமாக வந்ததை மாட்டுகிறார்கள். ஸ்டிக்கரில் 500 வாட் என்றிருக்கும். தூக்கிப் பார்த்தால் காற்று மாதிரி இருக்கும்! இந்த வேலைக்கு உண்மையான 300 வாட் இருந்தாலே தாராளம். பக்கத்திலேயே வெல்டிங் செட்டும் பெரிய மோட்டாரும் ஓடும் லைனில் வோல்டேஜ் என்ன ஆட்டம் ஆடும் என்பது ஓசூரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

யு.பி.எஸ். வைத்திருப்பார்கள், கணினிக்கு மட்டும். கேமராக்களுக்கு மின்சாரம் கொடுக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் நேரடி கரண்டில் இருக்கும். கரண்ட் போனதும் கணினி விழித்திருந்து கறுப்புத் திரையைப் பதிவு செய்யும். அதைவிட வேடிக்கை, பேட்டரியும் தீர்ந்து அணைந்த பெட்டி, கரண்ட் வந்த பிறகும் யாராவது வந்து பொத்தானை அமுக்கும் வரை அணைந்தே கிடப்பது. கரண்ட் வந்தால் தானே எழுந்திரு என்று பயாஸில் ஒரே ஒரு அமைப்பு. காசே கிடையாது. பெட்டியை மாட்டுகிறவருக்கு இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாததால் சனிக்கிழமை ராத்திரி அணைந்த பெட்டி திங்கட்கிழமை காலையில்தான் கண் விழிக்கிறது. திருடனுக்கு ஞாயிறு முழுக்க லீவு இல்லை.

கடிகாரத்தைப் பற்றி யாருமே பேசுவதில்லை. நாளுக்கு ஒன்றரை நொடி பிசகினால் ஓராண்டில் ஒன்பது நிமிடம். போர்டிலுள்ள சிறிய பேட்டரி தீர்ந்துவிட்டால் தேதியே பல வருடம் பின்னால் போய்விடும். தொழிலாளி கைரேகை வைத்து வெளியே போனது 2.02, கேமராவில் அவன் ஸ்டோர் பக்கம் நடப்பது 2.11 என்று இருந்தால், இரண்டு கடிகாரமும் ஒன்றாகச் சரிசெய்யப்பட்டதா என்று கேட்பவர் யார்? அந்த ஒன்பது நிமிடத்துக்கு ஒருவன் வேலையை இழக்கலாம்.

சாஃப்ட்வேர் விஷயமும் இதே லட்சணம்தான். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைவிரித்துவிட்டது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில். திருட்டு விண்டோஸ் போட்ட பெட்டியைப் போனில் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் இணையத்துக்குத் திறந்தும் வைக்கிறார்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அமெரிக்காவின் பெரிய இணையதளங்களையே முடக்கியது. 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். நல்லது. ஆனால் அந்தக் கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அசெம்பிள்டு பெட்டியை யார் சோதிப்பது? கேமராக்களைத் தனி நெட்வொர்க்கில் அடைத்து வைப்பதும், இயங்குதளத்துக்குத் தனியாக ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. போடுவதும், ஜோன்மைண்டர் மாதிரி காசில்லாத மென்பொருளை லினக்ஸில் ஓட்டுவதும் பெரிய வித்தையில்லை.

"இவ்வளவு தலைவலி எதற்கு? ரெடிமேட் டி.வி.ஆர். வாங்கிவிட்டால் போச்சு!" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். டிஸ்க்கைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் நான்கு கேமராக் கடைக்கு அது போதும். ஆனால் கணினியில் இரண்டு டிஸ்க்கில் ஒரே பதிவை எழுதலாம், டிஸ்க் நோயுறும்போதே மெயில் வரச் செய்யலாம், முக்கியமான கேமராவை மட்டும் வேறு கட்டிடத்தில் உள்ள இன்னொரு பெட்டிக்கும் அனுப்பலாம். கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். இன்றைக்குத் திருடனுக்கும் டி.வி.ஆர். தெரியும், போகும்போது அதையும் கழற்றிக்கொண்டு போகிறான். கல்லாவுக்குப் பக்கத்தில் மேசைக்கு அடியில் பெட்டியை வைப்பது அவனுக்குப் பார்சல் கட்டி வைப்பதற்குச் சமம். கிரானைட் பாலிஷ் போடும் இடத்திலும் மாங்கூழ் ஆலையிலும் தூசியும் ஈரமும் வேறு சேர்ந்து மின்விசிறியைத் தின்கின்றன. மேல்மாடியில் பூட்டிய, காற்றோட்டமுள்ள ஒரு மூலை கிடைக்காதா?

இவ்வளவும் இருந்தால் அதிகம் ஆகும் செலவு, ஒரு நல்ல சி.என்.சி. மெஷினின் சர்வீஸ் பில்லைவிடக் குறைவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது அதன் ஹாஷ் மதிப்போடு சான்றிதழும் தர வேண்டும். பொறுப்பாக எழுதப்பட்ட பதிவு இருந்தால்தானே சான்றிதழில் கையெழுத்துப் போட முடியும்?

எனவே பெட்டியைப் பொருத்தி முடித்த அன்றே பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மெயின் ஸ்விட்சை அணைத்து, பேட்டரி தீரும் வரை காத்திருந்து, மறுபடி போட்டுப் பாருங்கள். யாரும் தொடாமல் ஐந்து நிமிடத்தில் பதிவு தொடங்க வேண்டும். முப்பதாவது நாள் வந்து முதல் நாள் ராத்திரி இரண்டு மணிக் காட்சியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்டும்போது அறையில் முதலாளியும் கடைக்காரரும் மட்டும் இல்லாமல், நைட் ஷிப்டில் இருந்த தொழிலாளி ஒருவரும் இருக்கட்டும். மீதிப் பணம் அதற்குப் பிறகு.