ஓய்வு எவர் தந்தது?

திருவொற்றியூரிலிருந்து நண்பர் ஒருவர் நீண்ட மடல் தீட்டியிருக்கிறார். நம்மீது பற்றுக் கொண்டவர். பகுத்தறிவிலே நாட்டம் உடையவர். "எந்நேரமும் அரசியல்தானா? எதை எடுத்தாலும் எதிர்ப்புத்தானா? உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். வாழ்க்கை எப்படி? இந்த அரசியல் எதற்கு? பொழுதுபோக்கு என்ன? கரை வேட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒருமுறை மனிதனாகப் பேசுங்களேன்!" என்று கேட்கிறார்.

மனிதனாகப் பேசுவதாம்! அரசியல் பேசுகிறபோது நாம் வேறு என்னவாகக் காட்சி தருகிறோமோ, அறியோம். எனினும் அன்போடு கேட்டவரைப் புறக்கணித்தல் பண்பன்று, விடை தருவோம். ஆனால் வாழ்க்கைக்கு ஓர் அறை, அரசியலுக்கு ஓர் அறை, பொழுதுபோக்குக்கு ஓர் அறை என்று நண்பர் கட்டியிருக்கும் வீட்டிலே குடிபுக நம்மால் ஆகாது. அந்த வீட்டுக்கு இடையிலே சுவர் இல்லை. இருப்பதாக நம்பும் வசதி சிலருக்கு உண்டு; இராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே வாழ்வோருக்கு அந்த வசதி வாய்த்ததில்லை.

வாழ்க்கையைக் கேட்டார். சொல்லும்படி அதிகமில்லை. துறைமுகத்துச் சங்கொலி காதில் விழும் தெருவிலே வாடகை வீடு. திருமணத்திலே புரோகிதர் இல்லை, ஓமப்புகை இல்லை, பஞ்சாங்கம் இல்லை. மாலை மாற்றினோம், உறுதிமொழி படித்தோம், சோறு உண்டோம், கலைந்தோம். இதைவிடத் தனிப்பட்ட செய்தி வேறென்ன இருக்க முடியும்? ஆனால் இந்தத் தனிப்பட்ட செய்திக்குள்ளே எத்தனை அரசியல்! 1928இல், அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில், பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்தி வைத்தார். அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், அவ்வழி மணந்தோர் சட்டத்தின் கண்ணுக்குக் கணவனுமல்லர், மனைவியுமல்லர். 1950களில் உயர்நீதிமன்றமே செல்லாது என்று தீர்ப்புரைத்தது. 1967இல் அண்ணா ஆட்சியிலே சட்டத் திருத்தம் வந்தது; முன்னர் நடந்த மணங்களுக்கும் சேர்த்தே உயிர் தந்தது. இத்தகைய மணத்தை ஊரைக் கூட்டி அறிவித்துத்தான் நடத்த வேண்டும் என்பதில்லை என்று உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியதோ 2023 ஆகஸ்டில்! இருவர் மாலை மாற்றிக் கொள்ள, இயக்கமும் சட்டமன்றமும் நீதிமன்றமும் கூடி நூறாண்டு நடந்திருக்கின்றன.

மடலின் ஓரத்திலே, சற்றுத் தயங்கி, "தாங்கள் என்ன ஆட்கள்?" என்றும் நண்பர் கிறுக்கியிருக்கிறார். அதற்கு மட்டும் விடை கிடையாது.

அடுத்தது, "அரசியல் எதற்கு? அது சாக்கடையாயிற்றே!" என்பது. படித்தவர் பலருக்கு வாயிலே ஊறிப்போன சொல் இது. சாக்கடை என்று முகம் சுளிப்போரை ஒன்று கேட்கிறோம்: உண்மைச் சாக்கடை ஒன்று உம் தெருவிலே ஓடுகிறதே, அதிலே இறங்குபவன் யார்? எந்தத் தெருவிலே பிறந்தவன்? அவன் மட்டுமே ஏன் இறங்குகிறான்? மனிதக் கழிவை மனிதன் கையால் அகற்றும் தொழிலைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. சாக்கடைக்குள் மாண்டவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் தருக என்று 2014இல் உச்சநீதிமன்றம் பணித்தது. 2023இல் அத்தொகையை 30 இலட்சமாக்கியது. தொகை வளர்ந்திருக்கிறது, சாவு நின்றபாடில்லை. அரசியல் சாக்கடை என்று ஒதுங்கி நடப்பவரின் கால் நனையாதிருக்க, எவனோ ஒருவன் கழுத்தளவு இறங்குகிறான் ஐயா!

1949 செப்டம்பர் 18 அன்று இராயபுரம் இராபின்சன் பூங்காவிலே, கொட்டும் மழையிலே, தி.மு.கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது. நனைந்துகொண்டே நின்ற கூட்டத்திலே சாக்கடைக்கு அஞ்சியவர் எவரும் இருந்திருக்க மாட்டார். அந்தப் பூங்கா இன்று அண்ணா பெயர் தாங்கி நிற்கிறது. நண்பர் மாலை நடைக்கு அங்கே செல்லலாம். அரசியல் ஒட்டிக்கொள்ளாது, அஞ்ச வேண்டாம்!

இனி, நண்பர் விளையாட்டாகக் கேட்ட பொழுதுபோக்கு. நாம் மிகுதியாக எழுத வேண்டியிருப்பது இதைப் பற்றித்தான்.

படிப்பகத்திலே நாளேடு படிப்போம். கேரம் ஆடுவோம், பெரும்பாலும் தோற்போம். சரி, அந்த மாலைப்பொழுது நமக்கு எப்படிக் கிடைத்தது? ஆண்டவன் அளந்து போட்டானா? ஆலை முதலாளி அருள் கூர்ந்தானா?

1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, துணி ஆலையிலே வளர்ந்த ஆண்மகன் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் உழைக்கலாம். அதுவே அன்று சீர்திருத்தம்! பெரம்பூர் பின்னி ஆலைகளிலே நண்பகல் உணவுக்கு விட்ட நேரம் அரைமணி. கை கழுவி, வரிசையிலே நின்று, வாயிலே இட்ட கவளத்தை விழுங்குமுன் சங்கு ஊதிவிடும். அந்த இடைவேளையைச் சற்றே நீட்டித் தருக என்பது அன்றைய முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. 1918 ஏப்ரல் 27இல், செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முயன்று, வாடியா தலைமையிலே சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது, கேட்டது அரியணையன்று. நிதானமாக மென்று தின்னச் சில நிமிடங்கள்!

ஐந்தாண்டு கழித்து, 1923 மே முதல் நாள், மீனவர் குடியிலே பிறந்த சிங்காரவேலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர்நீதிமன்றத்தின் எதிரிலுள்ள கடற்கரையிலும் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். அவர் பொழுதுபோக்கும் நமக்குத் தெரியும்: புத்தகம். வீடு நிறையப் புத்தகம். ஆனால் படித்ததைப் பூட்டி வைக்காமல், பெரியாரின் 'குடி அரசு' ஏட்டிலே அறிவியல் கட்டுரைகளாக எழுதிப் பாமரர் கையில் கொடுத்தவர். பொழுதைப் போக்கினார் என்று அவரைச் சொல்ல நமக்கு நா எழவில்லை.

1934இல் நாளுக்கு 10 மணி. 1946இல், தொழிலாளர் துறைப் பொறுப்பிலே அம்பேத்கர் இருந்தபோது, வாரத்துக்கு 48 மணி. பன்னிரண்டு எட்டாக முப்பத்தைந்து ஆண்டு பிடித்தது. மிச்சமான நான்கு மணியிலேதான் வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகள் செழித்தன, தெருவுக்குத் தெரு படிப்பகம் முளைத்தது, கானா பிறந்தது, கால்பந்து உருண்டது. வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவிலே நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்று வந்தார். மனமகிழ் மன்றங்களின் மெத்தை நாற்காலியிலே அன்று, சந்திலே கிடக்கும் பலகையிலே வளர்ந்த ஆட்டம் அது!

பழங்கதை என்று கருதற்க. மே நாளுக்கு நூறாண்டு நிறையப் பத்து நாளே இருந்தபோது, 2023 ஏப்ரல் 21 அன்று, தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலே 12 மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. "வார வரம்பு மாறாது, விரும்பினால் மட்டுமே" என்று விளக்கம் சொல்லப்பட்டது. வேலை தருபவன் முன்னே வேலை வேண்டுபவனின் விருப்பம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அம்பத்தூரிலும் எண்ணூரிலும் போய்க் கேட்டால் தெரியும்! கூட்டணிக் கட்சியினரே வெளிநடப்புச் செய்தனர், சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றாம் நாள் திருத்தம் நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் நாள், மே தினப் பூங்காவிலே, திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். நம்மவர் ஆட்சி கொண்டுவந்தது என்பதற்காக நாவடக்கி இருந்திருந்தால், நண்பர் நம்மிடம் பொழுதுபோக்கைப் பற்றிக் கேட்டிருக்கவே முடியாது, பொழுது இருந்திராது. இன்றோ, 2025 நவம்பர் முதல் ஒன்றிய அரசின் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்து, பழைய தொழிற்சாலைச் சட்டத்தையே விழுங்கிவிட்டன. ஆட்டோ ஓட்டுபவருக்கும், துறைமுக வாயிலிலே கன்டெய்னர் லாரியோடு காத்துக் கிடப்பவருக்கும் எட்டு மணி என்ற எல்லை நடைமுறையில் முன்பும் கிடையாது, இப்போதும் கிடையாது.

உழைப்பும் ஓய்வும் போக எஞ்சுவது உறக்கம். அதிலுமா அரசியல் என்பார் நண்பர்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை அவருக்கு நினைவூட்டுகிறோம். எண்ணூரில் கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியிலே செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளிலே ஓடினர். பலர் மருத்துவமனை சேர்ந்தனர். அதே திங்கள் முதல் வாரத்திலேதான் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. மீனவர் வாளியும் குவளையும் கொண்டு அதை அள்ளினர். ஆலை வைத்தவன் அள்ளவில்லை. வலை வைத்திருந்தவன் அள்ளினான். அப்போதும் நம்மவர் ஆட்சிதானே என்று மடக்குவோருக்குச் சொல்கிறோம்: ஆம். ஆகவேதான் அதட்டிக் கேட்கும் உரிமையும் நமக்கு மிகுதி. எந்த ஆலை எதைக் கொண்டுவருகிறது, குழாய் எந்த நாளில் சோதிக்கப்பட்டது, கசிந்தால் ஊருக்கு அறிவிக்கும் சங்கு எங்கே என்பவற்றைக் குப்பத்துச் சுவரிலே தமிழில் எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகும்? ஆட்சியில் எவர் அமர்ந்தாலும் இதைக் கேட்போம்.

நம் ஓய்வைப் பற்றி நண்பர் அறிய விரும்பியதை எழுதிவிட்டோம். அடுத்த மடலிலே பெரியகுப்பத்தாரின் உறக்கத்தைப் பற்றி அவர் எழுதுவாராயின், முதற்பக்கத்திலேயே இடம் தருகிறோம்.