கதவைத் திறந்த ஊர்

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் ஊர். 1741-ம் ஆண்டு, கிறிஸ்துமசுக்கு முந்திய இரவு. மொரேவியக் கிறிஸ்தவர்கள் சிலர் ஒரு மரவீட்டில் கூடினார்கள். ஒரு பக்கம் மனிதர்கள். அதே கூரையின் கீழ், மறுபக்கம் மாட்டுத் தொழுவம்! இயேசு தொழுவத்தில் பிறந்த நினைவாக, ஊருக்குப் "பெத்லகேம்" என்று பெயர் வைத்தார்கள்.

பின்வந்த தலைமுறைகள் பண்டிகையை எப்படிக் கொண்டாடின? தேவாலயத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பன் சாப்பிட்டார்கள், காப்பி குடித்தார்கள். குழந்தைகள் கையில் மெழுகுவர்த்தி. வீட்டில் பாசி பரப்பி, கொலு போலப் பொம்மைகள் வைத்தார்கள். அதைப் பார்க்க வீடு வீடாகப் போனார்கள்.

நாமோ பண்டிகைக்குக் கடன் வாங்குகிறோம்; வாசற்கதவைச் சாத்திக்கொள்கிறோம். அடுத்த பண்டிகைக்குக் கதவைத் திறப்போம். பக்கத்து வீட்டாரை அழைப்போம். அதற்குக் காசு வேண்டாம். மனம் இருந்தால் போதும்!