எண்பதாயிரம் கலம் நெல்லும் ஒரு சொல்லும்

குத்தாலத்தில் கோயில் கொண்ட ஈசனுக்குச் சொன்னவாறறிவார் என்று பெயர். அம்மையை முறைப்படி மணக்க வருவதாகச் சொல்லி, சொன்னபடியே வந்தவர் என்பது தலபுராணம். தெய்வத்தையே வாக்குத் தவறாதவர் என்று அழைத்துப் பழகிய காவிரிக்கரை மக்கள், இயேசுவைப் பின்பற்றுகிறவர்களையும் அதே படியால்தான் அளந்தார்கள். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்றிருக்க வேண்டும் என்பது மலைப்பிரசங்கத்தில் இயேசு கேட்டதும்கூட. அவரை நெருங்கிப் பின்பற்றுவது என்பது கோயிலுக்குள் நடப்பதைவிட, கொடுக்கல் வாங்கலிலும் கூலியிலும் தீர்ப்பிலும் அதிகமாகத் தெரியவரும். டெல்டாவின் வரலாறு இதற்குச் சாட்சி.

1780-ல் ஹைதர் அலியின் படை புகுந்தபின் தஞ்சைக் கோட்டையைப் பஞ்சம் பிடித்தது. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. கொண்டுவர ஆளும் மாடும் இல்லை. முன்பு கொண்டுவந்தவர்களுக்குப் பணம் வந்து சேராததால் உழவர்கள் அரண்மனையையும் நம்பவில்லை, கிழக்கிந்தியக் கம்பெனியையும் நம்பவில்லை. நம் சொல் இனி எடுபடாது, சுவார்ட்ஸ் பாதிரியார் சொன்னால் கேட்கிறார்களா பார்ப்போம் என்ற யோசனை அரசரிடமிருந்தே வந்தது. பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்னார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. எண்பதாயிரம் கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. பணமும் பட்டுவாடா ஆனது. அந்த நம்பிக்கை ஒரு நாளில் விளைந்ததல்ல. 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த லுத்தரன் மிஷனரியான சுவார்ட்ஸ் எளிமையாக வாழ்ந்தவர். 1779-ல் ஹைதரிடம் தூது போனபோது கிடைத்த பணத்தையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிக்குக் கொடுத்தவர். கம்பெனிக்காகத் தூது போனவர்தானே, அந்த நெல் சிப்பாய்களுக்கும்தானே போனது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதிகாரத்தின் பக்கத்தில் நின்றபோதும் உழவருக்குக் கொடுத்த வாக்கை அவர் கைவிடவில்லை.

பாதிரியாருக்கு அது சரி, குடும்பஸ்தனுக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு, குத்தாலத்தை அடுத்த மாயூரமே பதில் சொல்லும். கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை அங்கே முன்சீப்பாக இருந்தவர். 1859-ல் வெளியான தம் நீதிநூலில் கைக்கூலி வாங்குவதைக் கடுமையாகக் கண்டித்தார். ஆங்கிலத்தில் கிடந்த சட்டத் தீர்ப்புகளைச் சாமானியருக்கும் எட்டும்படி தமிழில் தந்தார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கைப்பொருளைச் செலவழித்துக் கஞ்சி வார்த்தார். அவருடைய கொடையைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் கீர்த்தனை பாடினார். நந்தனார் சரித்திரம் பாடிய சிவபக்தர் ஒரு கிறிஸ்தவரைப் பாடியதற்குக் காரணம், அவர் கண்ணால் பார்த்த கஞ்சித் தொட்டி.

நேர்மையை இப்படி அளவுகோலாக்குவதற்கு வரும் இரண்டு மறுப்புகளுக்கு நேரான பதில் தேவை. மீட்பு கிருபையால் வருவது, நற்செயல்களால் அல்ல என்பார்கள். சுவார்ட்ஸும் அதைப் பிரசங்கித்த லுத்தரன்தான். கிருபையைப் பெற்றவனின் வாக்கு முன்னைவிட உறுதிப்படவில்லை என்றால், பெற்றது என்ன என்று ஊரார் கேட்பது நியாயமே. நேர்மை எல்லா மதத்திலும் இருக்கிறதே என்பது அடுத்தது. இருக்கிறது, சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் பிள்ளைக்கு அது தெரியாததல்ல. அடுத்த வீட்டாரும் நேர்மையானவர் என்பதால் கிறிஸ்துவின் பெயரைச் சுமப்பவரின் கடமை குறைந்துவிடாது.

இந்த அளவுகோலில் டெல்டாத் திருச்சபைகள் தோற்ற இடம் சாதி. ஆராதனையிலும் நற்கருணையிலும் சாதி வேற்றுமை கூடாது என்று 1833-ல் பேராயர் டேனியல் வில்சன் உத்தரவிட்டபோது தஞ்சையில் பலர் சபையை விட்டே விலகினார்கள். சுவார்ட்ஸ் வளர்த்த வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்காக வாதாடினார். சுவார்ட்ஸ் காலத்திலேயே தனித்தனி இருக்கைகள் இருந்தன; அவர் காட்டிய பொறுமை அடுத்த தலைமுறைக்குச் சாக்காகிவிட்டது. பரம்பரை வழக்கம் உடனே போகாது என்று அன்று சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். ஆனால் திருச்சி மேலப்புதூர் கல்லறையைச் சாதிவாரியாகப் பிரித்த சுவர் தானாக முளைத்ததல்ல, கைகள் கட்டியது. தீண்டாமை கொடிய பாவம் என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-ல் அறிவித்தது. அறிக்கையில் சொன்னது கல்லறைத் தோட்டத்திலும் நடந்தாக வேண்டும்.

சுவார்ட்ஸை நம்பி மாட்டை ஓட்டிவந்த உழவர்கள் அவருடைய வேதத்தைப் படித்துப் பார்த்தா வந்தார்கள்? அவர்கள் பார்த்தது ஆளை. இன்றைக்கும் நடவுக்கு வந்த பெண்ணுக்குப் பேசிய கூலி அன்று சாயங்காலமே கைக்கு வருகிறதா, நெல் மூட்டை தராசில் ஏறும்போது முள் சரியாக நிற்கிறதா, ஒரே சபையில் ஜெபித்தவர்களை ஒரே மண்ணில் அடக்கம் செய்கிறோமா என்றுதான் ஊர் பார்க்கும். நான் பொறுப்பு என்று ஒரு கிறிஸ்தவர் சொன்னால் குத்தாலம் வட்டாரத்து உழவர் ரசீது கேட்காமல் மூட்டையை இறக்குவாரா? சபைகள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.