பெயர்ப் பட்டியலால் நடை கெடாது

நாவல் எழுதும் மென்பொருளில், தட்டத் தொடங்கிய சொல்லை முடித்துத் தரும் சொல்நிரப்பிப் பட்டியல் வைத்துக்கொள்பவர் சொந்த நடையை இழந்துவிடுவார் என்கிறார் நண்பர். எதைப் பார்த்து இந்தப் பயம்? ஸ்கிரிவெனர் மென்பொருளில் அந்தப் பட்டியல் ஒவ்வொரு நாவலுக்கும் தனி. எழுதுபவரே அதில் சொற்களைப் போட்டுவைக்கலாம். பெரும்பாலும் ஆள்பெயர், ஊர்ப்பெயர். அடுத்த சொல்லை ஊகித்து நீட்டும் கைப்பேசி விசைப்பலகையோடு இதைச் சேர்த்துக் கட்டுவது அநியாயம். ரஸ்கோல்னிகோவ் போன்ற நீண்ட பெயரை நானூறாவது முறை அடிப்பதில் என்ன நடை வாழ்கிறது? மூன்றாம் அத்தியாயத்துச் 'சண்முகம்' இருபதாவதில் 'ஷண்முகம்' ஆகாமல் இருந்தால் மெய்ப்புப் பார்ப்பவராவது வாழ்த்துவார்.

குறை சொல்வதானால், தமிழுக்கு அது அரைகுறையாகவே உதவுகிறது என்பதைச் சொல்லியிருக்கலாம். 'சண்முகம்' என்று நிரப்பியதைச் 'சண்முகத்திடம்' ஆக்க, கடைசி எழுத்தை அழித்தே தீரவேண்டும். வேற்றுமை வடிவங்களையெல்லாம் சேர்த்தால் பட்டியல் அனுமார் வால்தான். லிப்ரே ஆபிஸ் மென்பொருளில் வேறு தொல்லை: பரிந்துரையை ஏற்கும் விசை என்டர். பத்தி பிரிக்கத் தட்டினால் வேண்டாத சொல் வந்து உட்காரும் (அமைப்பில் விசையை மாற்றிக்கொள்ளலாம்). இவை விசைப்பலகைச் சங்கடங்கள். நடைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை.

பட்டியலில் பெயர்களை மட்டும் வையுங்கள். வர்ணனைச் சொற்களை அதில் ஏற்றாதீர்கள்.