முதலாண்டு ஆங்கில ஆனர்ஸ்: உடும்பஞ்சோலைக்குத் தமிழ் எந்த வழியில் வரும்?

புது தில்லி: ஆங்கில இலக்கிய ஆனர்ஸ் வகுப்பில் எந்த நூலைப் பயிற்றுவிப்பது என்பது பேராசிரியர்கள் கூடிப் பேசி முடிக்கும் விஷயமாக ஒரு காலத்தில் இருந்தது. அண்மை ஆண்டுகளில் அது மாநில முதல்வர்களே கருத்துத் தெரிவிக்கும் அளவுக்கு அரசியல் பிரச்னையாக மாறியுள்ளது. தலைநகரில் எழும் இந்தச் சர்ச்சைகள் தலைநகரோடு நின்றுவிடுவதில்லை. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள உடும்பஞ்சோலையின் ஏலத்தோட்டங்களிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் தமிழ் மாணவியையும் அவை தொடுகின்றன. ஆங்கில இலக்கியம் படிக்கச் செல்லும் அவருக்குத் தாய்மொழியின் இலக்கியம் எந்த வடிவில் கிடைக்கும், கிடைக்குமா என்பதே இதில் அடங்கியுள்ள கேள்வி.

முதலாண்டில் என்ன படிக்கிறார்கள்?

ஆங்கில இலக்கியம் என்றாலே ஷேக்ஸ்பியரும் மில்டனும்தான் என்ற எண்ணம் பொதுமக்களிடையே இன்னமும் உள்ளது. உண்மை நிலை வேறு. பல்கலைக்கழக மானியக் குழு 2015-ல் வெளியிட்ட ஆங்கில ஆனர்ஸ் மாதிரிப் பாடத்திட்டத்தில், முதல் பருவத்தின் முதல் தாளே இந்தியச் செவ்விலக்கியம்தான். காளிதாசரின் சாகுந்தலம், மகாபாரதத்தின் சூதாட்டப் பகுதி, சூத்ரகரின் மிருச்சகடிகம் ஆகியவற்றுடன் இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்திலிருந்து வஞ்சிக் காண்டமும் அதில் இடம்பெற்றது. ஆர். பார்த்தசாரதியின் ஆங்கில மொழிபெயர்ப்பு பாட நூலாகக் குறிக்கப்பட்டது. இரண்டாவது தாளில் ஹோமரின் இலியட், சோபக்ளிஸின் ஈடிபஸ் நாடகம், ஓவிட், ஹோரஸ் ஆகியோரின் படைப்புகள். சாசரும் மார்லோவும் ஷேக்ஸ்பியரும் இரண்டாம் பருவத்தில்தான் வருகிறார்கள். அதே பருவத்தில் ஆர்.கே. நாராயணின் "சுவாமியும் நண்பர்களும்" நாவலும் உண்டு.

நூல்களை அறிவது மட்டும் இந்த முதலாண்டின் நோக்கமன்று. ஒரு பனுவலை வரிவரியாக நுணுகி வாசிப்பது, அது தோன்றிய காலத்தோடு பொருத்திப் பார்ப்பது, மொழிபெயர்ப்பில் எது வந்தது, எது விடுபட்டது என்று கேட்பது, தன் கருத்தைச் சான்றுடன் கட்டுரையாக்குவது ஆகியவையே உண்மையான பயிற்சி. பின்னாளில் வழக்கறிஞராகவோ ஆசிரியராகவோ அரசு அதிகாரியாகவோ ஆகும் மாணவருக்கு, படித்த கதை மறந்துபோனாலும் இந்தப் பயிற்சி உடன் இருக்கும்.

வஞ்சிக் காண்டத்துக்கு உடும்பஞ்சோலையைப் பொறுத்தவரை தனிப் பொருள் உண்டு. மலைவாழ் மக்கள் கண்ணகியைக் கண்ட செய்தியைச் சேரன் செங்குட்டுவனிடம் தெரிவிப்பதும், அவன் இமயம் சென்று கல் கொணர்ந்து கோயில் எடுப்பதுமே அப்பகுதியின் கதை. அந்தக் கோயில் என்று பலராலும் நம்பப்படும் மங்கலதேவி கண்ணகி கோயில், அதே இடுக்கி மாவட்டத்தில் குமுளிக்கு அருகே எல்லை மலையில் உள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை சித்திரா பௌர்ணமியன்று மட்டும் பக்தர்கள் அனுமதிக்கப்படுகின்றனர். அதற்கென இடுக்கி, தேனி மாவட்ட நிர்வாகங்கள் கூடி ஏற்பாடுகளை முடிவு செய்வது வழக்கம். வஞ்சி என்பது கரூரா, கொடுங்கல்லூரா என்ற விவாதம் ஒருபுறம் இருக்க, இளங்கோவைத் தமிழரும் மலையாளிகளும் தம்மவராகவே கொண்டாடுகின்றனர். தில்லி மாணவருக்கு அது தொலைதூரத்துக் காவியம். உடும்பஞ்சோலை மாணவிக்கோ அது தன் மலையின் கதை.

2021 தந்த பாடம்

பட்டியலில் ஒரு நூல் நுழைவது எவ்வளவு கடினமோ, வெளியேறுவது அவ்வளவு எளிது என்பதைத் தில்லி பல்கலைக்கழகம் 2021 ஆகஸ்டில் காட்டியது. ஆங்கில ஆனர்ஸ் ஐந்தாம் பருவத்தில் "பெண்கள் எழுத்து" என்ற தாளிலிருந்து மகாசுவேதா தேவியின் "திரௌபதி" சிறுகதையும், தமிழ் எழுத்தாளர்களான பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளும் நீக்கப்பட்டன. பாடத்திட்ட மேற்பார்வைக் குழு எடுத்த இந்த முடிவு ஆகஸ்ட் 24-ம் தேதி நடந்த கல்விக் குழுக் கூட்டத்தில் ஏற்கப்பட்டது. உறுப்பினர்கள் 15 பேர் எழுத்துபூர்வமாக எதிர்ப்புத் தெரிவித்தனர். துறைசார்ந்த வல்லுநர்களின் கருத்தைக் கேட்காமலேயே தலித் எழுத்தாளர்கள் நீக்கப்பட்டதாக அவர்கள் குற்றம்சாட்டினர். எழுத்தாளர்களின் சாதியைப் பார்த்து முடிவெடுக்கவில்லை என்று குழுவின் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் இந்த நீக்கத்தைக் கண்டித்தார்.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, 2011 அக்டோபரில், வால்மீகியையும் கம்பனையும் ஒப்பிட்டுப் பேசும் ஏ.கே. ராமானுஜனின் ராமாயணக் கட்டுரை வரலாறு ஆனர்ஸ் பாடத்திலிருந்து இதே பல்கலைக்கழகத்தில் நீக்கப்பட்டதும் நினைவுகூரத்தக்கது. தென்னகத்தின் குரல் தலைநகரின் பாடநூலில் இடம்பெறுவது உரிமையாக இன்னும் உறுதிப்படவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் மாறக்கூடிய சலுகையாகவே அது இருந்து வருகிறது.

இந்தியாவில் ஆங்கில இலக்கியக் கல்வி தொடக்கத்திலிருந்தே அரசியலோடு பிணைந்தது என்பதையும் மறந்துவிடுவதற்கில்லை. மெக்காலேயின் குறிப்பு எழுதப்பட்டது 1835-ல். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கென்று தனித்துறை ஏற்பட்டதோ 1894-ல்தான். ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக உருப்பெற்றதில் காலனி ஆட்சியின் தேவைகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை ஆய்வாளர் கௌரி விசுவநாதன் 1989-ல் வெளியான தமது நூலில் விரிவாக நிறுவியுள்ளார். எந்த நூலைப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்பவர், படிப்பவர் எப்படிப்பட்ட குடிமகனாக வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார்.

எல்லையின் இரு பக்கம்

1956-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் போராட்டங்களுக்குப் பின்னும் கேரளத்திலேயே தொடர்ந்தன. இடுக்கி 1972-ல் தனி மாவட்டமானது. இன்றும் உடும்பஞ்சோலை வட்டத்தின் ஏலத்தோட்டங்கள் தமிழ்த் தொழிலாளர்களை நம்பியே இயங்குகின்றன. தோட்டத்திலேயே தங்கி வாழும் குடும்பங்கள் ஒரு பகுதி. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து அதிகாலையில் ஜீப்புகளில் மலையேறி மாலையில் இறங்குவோர் மற்றொரு பகுதி. விளையும் ஏலக்காய் ஒருபுறம் புற்றடியிலும் மறுபுறம் போடிநாயக்கனூரிலும் ஏலம் போகிறது. வணிகத்துக்கு எல்லை தடையாக இல்லை; கல்விக்குத்தான் இருக்கிறது.

மலையிறங்கிப் போடியில் உள்ள ஏலக்காய் விவசாயிகள் சங்கக் கல்லூரி போன்ற தமிழகக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சேரும் மாணவி, முதல் இரண்டாண்டுகள் பகுதி ஒன்றில் தமிழைக் கட்டாயம் படிக்கிறார். காலையில் சங்கப் பாடலும் பிற்பகலில் ஆங்கிலக் கவிதையும் ஒரே மாணவியின் கையில் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் தானாகவே வருகிறது.

அவருடைய உறவினர் மகள் கேரளப் பக்கத்தில், கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரியில் சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. கேரளத்தில் 2024 ஜூலை 1-ம் தேதி நான்காண்டு ஆனர்ஸ் திட்டம் தொடங்கப்பட்டது. மூன்றாண்டில் 133 மதிப்பெண் அலகுகளுடன் பட்டம், நான்காண்டில் 177 அலகுகளுடன் ஆனர்ஸ் பட்டம் என்பது அதன் அமைப்பு. முதல் பருவத்தில் முதன்மைப் பாடத்துக்கு ஒரு தாள் மட்டுமே. துணைப் பாடங்கள், பல்துறைப் பாடம், மொழித்திறன் பாடங்கள் ஆகியவை மீதி இடத்தை எடுத்துக்கொள்கின்றன. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தக் கல்லூரியில் ஆசிரியர் உள்ள மொழியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பாலக்காடு மாவட்டம் சித்தூர் அரசுக் கல்லூரி போலத் தமிழ்த் துறை உள்ள இடங்களில் சிக்கல் இல்லை. துறை இல்லாத இடத்தில், பள்ளியில் தமிழ்வழி பயின்ற மாணவியும் மலையாளத்தையோ இந்தியையோ எடுக்க வேண்டியதுதான்.

அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. 1956-ல் ஏழாவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட அந்தப் பிரிவு தொடக்கப் பள்ளியோடு நின்றுவிடுகிறது. கல்லூரி வாசலில் நிற்கும் மாணவிக்கு அதில் இடமில்லை.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு 2022-ல் தமிழ், மலையாளம் உள்ளிட்ட 13 மொழிகளில் தொடங்கப்பட்டதால் உடும்பஞ்சோலையிலிருந்து தில்லிக்கும் வழி திறந்துள்ளது உண்மை. ஆனால் அங்கும் ஒரு கண்ணி உண்டு. தேசிய கல்விக் கொள்கையின்படி, ஓராண்டு முடித்து வெளியேறுபவருக்குச் சான்றிதழ், ஈராண்டுக்குப் பட்டயம் என்ற ஏற்பாடு உள்ளது. கூலியை நம்பிய குடும்பத்துக்கு, படிப்பை இடையில் நிறுத்த இது கௌரவமான காரணமாகிவிடக் கூடும். அவ்வாறு ஆனால் முதலாண்டில் படித்ததே அந்த மாணவியின் மொத்த இலக்கியக் கல்வியாகிவிடும். இடையில் வெளியேறும் இந்த வழியைத் தன் திட்டத்தில் கேரளம் சேர்க்கவில்லை என்பது பாராட்டுக்குரியது. பாமாவும் சுகிர்தராணியும் ஐந்தாம் பருவத்தில் இருந்தார்கள் என்பதை இங்கு நினைத்துப் பார்க்க வேண்டும். முதலாண்டோடு வெளியேறுபவரை, நீக்கப்படாத நூலும் எட்டுவதில்லை.

வாய்ப்பு எங்கே உள்ளது?

மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் புதிய பாடத்திட்டத்தில் அதிகம் பேசப்படாத அம்சம் ஒன்று உண்டு. வகுத்தளிக்கப்பட்ட அலகுகளோடு, பாடம் நடத்தும் ஆசிரியரே உள்ளடக்கத்தைத் தீர்மானிக்கும் ஒரு பகுதியும் பாடத்தில் இடம்பெறுகிறது. உடும்பஞ்சோலை போன்ற இடங்களுக்கு இது பொன்னான வாய்ப்பு. அந்தப் பகுதியில் வஞ்சிக் காண்டத்தின் ஆங்கில வடிவத்தை வைக்கலாம். தமிழ் அறிந்த மாணவர்கள் மூலத்தை வாசிக்க, மற்றவர்கள் மொழிபெயர்ப்போடு ஒப்பிடலாம். லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் தந்த பாமாவின் "கருக்கு" நூலை வைக்கலாம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் துயரத்தைச் சொல்லும், 1969-ல் ஆங்கிலத்தில் வெளியான பி.எச். டேனியலின் நாவலை, தமிழில் இரா. முருகவேள் தந்த "எரியும் பனிக்காடு" வடிவத்தோடு சேர்த்து வைக்கலாம். தோட்டத் தொழிலாளியின் மகள் அந்த வகுப்பில் பின்வரிசையில் ஒதுங்கி உட்கார வேண்டியிருக்காது. மூன்று மொழி அறிந்த அவரே அங்கு மற்றவர்களுக்கு விளக்கம் சொல்பவராவார்.

ஆனால் ஓர் ஆசிரியரின் ஆர்வத்தை மட்டும் நம்பியிருக்கும் ஏற்பாடு, அவர் இடமாற்றம் பெறும் நாளில் முடிந்துபோகும். எல்லையோரக் கல்லூரிகளில் தமிழ் ஆசிரியர் பணியிடங்களை உருவாக்குவதும், மொழித்திறன் பாடத்தில் தமிழைத் தேர்வு செய்யும் உரிமையை உறுதி செய்வதும் கேரள அரசின் கையில் உள்ளன. நூல்களைச் சேர்க்கவும் நீக்கவும் துறை வல்லுநர்களின் எழுத்துபூர்வமான காரணம் வேண்டும் என்ற விதியை வகுப்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் கையில் உள்ளது. தில்லியில் பாமாவுக்காகக் குரல் கொடுத்த தமிழகக் கட்சிகள், இடுக்கியின் தமிழ் மாணவர்களுக்காகத் திருவனந்தபுரத்திடம் பேசுவதற்கும் அதே அக்கறையைக் காட்ட வேண்டும். தலைநகரத்துப் பட்டியலில் இரண்டு பெயர்கள் நீக்கப்பட்டால் அன்றே செய்தியாகிறது. ஏலமலையில் ஒரு தமிழ் ஆசிரியர் பணியிடம் உருவாகாமலே இருப்பது எந்த நாளிலும் செய்தியாவதில்லை.