வேகமும் விவேகமும்

பதறாத காரியம் சிதறாது என்பர் நம் முன்னோர். இம்மொழி மனிதர்க்கு மாத்திரமன்றி யந்திரங்களுக்கும் பொருந்தும் என்பதையே இவ்வாரம் எடுத்துரைக்க விழைகிறோம்.

2012ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆந் திகதி இங்கிலாந்திலே வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் கணினி, ஒற்றைப் பலகையில் அடங்கியது, உள்ளங்கையில் வைக்கத்தக்கது. தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்தால் பிள்ளைகளின் படிப்புக்குப் போதும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தோட்டக் குடும்பமொன்று சிறுகச் சிறுகச் சேர்த்து இதனை வாங்குமாயின், பழுதுற்றபின் மற்றொன்று வாங்குவது எளிதன்று. ஆகவே இதனை ஆளும் முறையைப் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

இதன் மூளையாகிய செயலிக்கு ஒரு வேகம் உண்டு. முதற் பலகையின் வேகம் 700 மெகாஹேர்ட்ஸ். 2019இல் வந்த நான்காம் பலகையினது 1500. நினைவட்டையிலுள்ள ‘கொன்பிக்’ என்னும் சிறு கோப்பில் ஒரு வரி எழுதி இவ்வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இளம்பிள்ளைகள் கூட்டிப் பார்க்கவே விரும்புவர்.

இங்கேதான் கணக்கு வேண்டும். வேகத்தை மிகக் கூட்டினால், செயலி தடுமாறாதிருக்க மின்னழுத்தத்தையும் கூட்டவேண்டும். அது இயங்கச் செலவாகும் மின்வலுவோ, வேகத்துக்கு நேராகவும் அழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேராகவும் ஏறும். வேகத்தில் நூற்றுக்கு 20உம் அழுத்தத்தில் நூற்றுக்கு 10உம் கூட்டினால், 1.2ஐ 1.21ஆற் பெருக்க ஏறத்தாழ 1.45 வரும். ஐந்திலொரு பங்கு வேகத்துக்காகப் பாதிப் பங்கு அளவு வெப்பத்தை விலைக்கு வாங்குகிறோம்! அதே அளவு குறைத்தாலோ, 0.8ஐ 0.81ஆற் பெருக்க 0.65, வெப்பம் மூன்றிலொரு பங்கு தணிகிறது.

நுவரெலியாவின் குளிரிற் பொறுக்கும் சூடு, யட்டியாந்தோட்டையிலே தகரக் கூரையின் கீழ்ப் பொறுக்காது. 80 பாகை செல்சியசை எட்டியதும் செயலி தானே தளர்ந்துவிடும்; கூட்டிய வேகம் உச்சிப்பொழுதிற் கிட்டாமலே போகும். கொழுந்து அரைக்கும் யந்திரத்தை மிகை வேகத்தில் ஓட்டினால் கொழுந்து சூடேறிக் கெடும் என்பதைத் தோட்டத்தார்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை.

நிற்க, திரையில் மின்னற் குறி தோன்றினால் அது வேறு குறை. 5 வோல்ட் வேண்டிய பலகைக்கு 4.63இலும் குறைவாகவே கிடைக்கிறது என்பது அதன் பொருள். முதலில் மின்னூட்டியையும் மெல்லிய கம்பியையும் மாற்றுக. இதனைப் பாராமல் விட்டால் நினைவட்டையிலுள்ள பாடங்கள் அழியவும் கூடும்.

சூட்டைத் தணிக்க விரும்புவோர் முன்னதாகக் கோப்பைப் பிரதி செய்துகொள்க. நான்காம் பலகையில் ‘ஆர்ம் ஃபிரீக்’ என்னும் வரியிலே 1200 என எழுதி ஒரு நாள் பார்க்கலாம். பின்னர் ‘ஓவர் வோல்ட்டேஜ்’ என்பதைப் படிப்படியாக இறக்குக. ஒரு படி என்பது 0.025 வோல்ட். ஒவ்வொரு படியையும் கொப்பியிற் குறித்துவைத்து, தடுமாற்றம் கண்டதும் முந்திய படிக்கே திரும்புக. பலகை விழிக்க மறுத்தால் அஞ்சற்க. நினைவட்டையை வேறொரு கணினியில் இட்டு அவ்வரியை நீக்கினாற் போதும்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு வேண்டுவது பந்தயக் குதிரையன்று. பாடம் முடியும்வரை களைக்காத வண்டி மாடே.